விலைச்சீட்டு ஒட்டிய கொடை

ஆக்ஸ்ஃபோர்ட் நகரத்தின் பிராட் தெருவில் 17ஆம் எண்ணில் பழைய துணியும் பழைய பாத்திர பண்டங்களும் விற்க 1947 டிசம்பரில் ஒரு கடையைத் திறந்தார்கள். விற்றவர்கள் வியாபாரிகள் அல்லர். ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1942 அக்டோபரில், அதே ஊரின் செயின்ட் மேரி தேவாலய நூலகத்தில் பாதிரியார்களும் பேராசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடி அமைத்த ஒரு குழு அது. அப்போது கிரேக்கம் நாஜிகளின் பிடியில் இருந்தது. அந்த நாட்டுக்குச் செல்லும் கடல் வழியை நேச நாடுகள் அடைத்திருந்தன. உள்ளே ஜனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் சொந்த அரசு போட்ட முற்றுகையைத் தளர்த்தி உணவை உள்ளே விடச் சொல்வதுதான் குழுவின் முதல் வேலை. பஞ்ச நிவாரணத்துக்கான ஆக்ஸ்ஃபோர்ட் குழு என்ற அதன் நீண்ட பெயர் தந்தி முகவரிக்காக ‘ஆக்ஸ்ஃபாம்’ என்று சுருங்கியது. நன்கொடைப் பொருளை விற்றுத் தொண்டுக்குப் பணம் திரட்டும் பிரிட்டனின் சாரிட்டி கடைகளுடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த 17ஆம் எண் கடையைத் தாண்டிப் போக முடியாது.

போர் முடிந்த பிறகும் குழு கலையவில்லை. இடிந்து கிடந்த ஐரோப்பாவுக்கு அனுப்பத் துணி கேட்டார்கள். துணியோடு வீட்டில் இருந்த மற்றதும் சேர்ந்து வந்தது. கப்பலேற்றி அனுப்ப முடியாததை என்ன செய்வது? விற்றுப் பணமாக்கி அந்தப் பணத்தை அனுப்பலாம். குழுவின் கௌரவச் செயலாளர் சிசில் ஜாக்சன்-கோல் தொழிலில் கைதேர்ந்த மனிதர். தொண்டு நிறுவனமும் ஒரு நல்ல நிறுவனத்தைப் போல நடக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். முதியோருக்கான ‘ஹெல்ப் தி ஏஜ்ட்’ அமைப்பைப் பின்னாளில் தொடங்கியவரும் இவரே. 1949இல் ராணுவத்திலிருந்து வந்த ஜோ மிட்டி என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். எதையும் விற்கலாம் என்று நம்பியவர் மிட்டி. பொய்ப்பல் செட்டிலிருந்து உயிருள்ள கழுதை வரை அவர் விற்றுக் காட்டியதாக 2007இல் அவர் மறைந்தபோது வந்த இரங்கல் குறிப்புகள் சொல்லின. கடை மெல்ல மெல்ல வேரூன்றியதற்குக் குழுவின் இரக்கத்தோடு இந்த மனிதரின் கடைக்காரப் புத்தியும் காரணம்.

பழையதை வாங்கி நல்ல காரியத்துக்கு விற்கும் எண்ணம் அங்கேதான் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். லண்டனின் கிழக்குப் பகுதியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பை நிறுவிய வில்லியம் பூத், 1890இல் எழுதிய நூலில், வேலையற்றவர்களைக் கொண்டு வீடு வீடாகக் கழிவுப் பொருள் திரட்டும் திட்டத்தை விரிவாகப் பேசியிருக்கிறார். பாஸ்டனில் மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் 1902இல் பழைய சாமான்களைச் சேர்த்து, ஏழைகளைக் கொண்டே பழுது பார்த்து விற்றார். இன்றைய ‘குட்வில்’ தொண்டு நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் 1941இல் லண்டனின் ஓல்ட் பாண்ட் தெருவில் கடை திறந்தது. போர் முடிவதற்குள் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் பெருகின. விற்கும் பொருள் அத்தனையும் நன்கொடையாக வந்ததாக இருக்கவேண்டும், வாங்கி விற்கக் கூடாது என்பது அவற்றுக்குக் கிடைத்த உரிமத்தின் நிபந்தனை. இந்த நிபந்தனையை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. இன்றுவரை சாரிட்டி கடைகளின் வரிச் சலுகை அத்தனையும் இதே கொள்கையின் மேல்தான் நிற்கிறது.

இந்தக் கடைகளைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு பணம் திரள்கிறது, எவ்வளவு துணி குப்பைக்குப் போகாமல் தப்புகிறது என்ற இரண்டு கணக்குகளோடு பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டும் முக்கியமானவைதான். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது, கொடுப்பவருக்கும் உடுத்துபவருக்கும் நடுவில் அவை ஒரு விலைச்சீட்டைக் கட்டித் தொங்கவிட்டதுதான். பழைய துணியை ஏழைக்குக் கொடுப்பது எல்லாச் சமூகத்திலும் உண்டு. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அதற்கு ஒரு விசாரணையும் இருந்தது: வாங்குபவர் நல்லொழுக்கமுள்ள ஏழைதானா, குடிப்பவரா, கோயிலுக்கு வருகிறவரா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். கடையில் அந்தக் கேள்வி இல்லை. இரண்டு பவுண்டு வைத்திருந்தால் சட்டையை எடுக்கலாம். பிடிக்கவில்லையென்றால் மாட்டிவிட்டுப் போகலாம். கொடுத்தவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது, வாங்கியவர் யாரென்று கொடுத்தவருக்குத் தெரியாது. நன்றி சொல்லவேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. அதே கடையில் பணக்கார வீட்டுப் பெண்ணும் அபூர்வமான கோப்பை ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே அந்த வாசலுக்குள் நுழைவதே வறுமையின் அடையாளமாகிவிடவில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாட்டுக் கடற்கரை ஒருமுறை காட்டியது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. அனுப்பியவர்களின் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. சாலையோரங்களில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது. கடலில் உழைத்துச் சம்பாதித்த காசில் புதுத்துணி எடுத்துக் கட்டிய ஜனங்கள் அவர்கள். எல்லாவற்றையும் கடல் கொண்டுபோன வாரத்தில் முன்பின் அறியாத ஒருவர் கழற்றிப் போட்டதை நீட்டினால், உதவி என்பதைவிட ‘இனி உன் நிலை இதுதான்’ என்ற சொல்தான் முதலில் காதில் விழும். நம் ஊரில் கட்டிய துணியைக் கொடுப்பதில் மேல் கீழ் கணக்கு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. யார் யாருக்குப் பழையதைக் கொடுக்கலாம், யார் வாங்கக் கூடாது என்பதைச் சாதியும் வேலையும் முடிவு செய்தன. ஆனால் ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று தெருவில் கூவி வருபவரிடம் அதே வீட்டுப் பெண்கள் கூச்சமின்றிப் பேரம் பேசினார்கள். இரண்டு பட்டுப் புடவைக்கு ஓர் எவர்சில்வர் குண்டான் போதாது, ஒரு மூடியும் சேர்த்துத் தா என்று அவர்களால் கேட்க முடிந்தது. அது கொடையல்ல, வியாபாரம்.

அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு இந்த நுட்பத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் தேங்கிப்போன சுனாமித் துணிகளை எடுத்துத் தரம் பிரித்து வேறு பயனுக்குக் கொண்டுவந்த வேலையில் அதற்கும் பங்கு உண்டு. அந்த அமைப்பு கிராமங்களில் துணியைத் தானமாகத் தருவதில்லை. ஊருணியைத் தூர்வாருவது, பாதை போடுவது, கிணறு வெட்டுவது போன்ற ஊர்ப் பொது வேலையை ஜனங்கள் செய்கிறார்கள்; அதற்கு ஈடாகத் துணி மூட்டை கிடைக்கிறது. பிரிட்டனில் விலைச்சீட்டு செய்ததை இங்கே உழைப்பு செய்கிறது. குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

கடைக்குத் திரும்புவோம். வாடிக்கையாளர் பார்ப்பது முன்பக்கத்தை மட்டும். உண்மையான வேலை பின்னறையில் நடக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் பை வாசலில் வந்து விழுந்ததும் ஒருவர் அதை மேசையில் கவிழ்க்கிறார். சட்டையை எடுத்துக் கழுத்துப்பட்டையின் உள்மடிப்பைப் பார்க்கிறார், பிறகு அக்குளை, பிறகு பொத்தான் வரிசையை. ஜிப்பை ஒருமுறை ஏற்றி இறக்குகிறார். மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். பூஞ்சை வாடையோ சிகரெட் வாடையோ இருந்தால் அது தனி மூட்டைக்குப் போகும். சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பதும் கட்டாயம். சில்லறை, பஸ் டிக்கெட், சில சமயம் புகைப்படம் இருக்கும். தேறியது ஹாங்கரில் ஏறும். குழாயிலிருந்து சீறும் நீராவியைச் சுருக்கத்தின் மேல் பிடித்தால் பத்துப் பன்னிரண்டு நொடியில் துணி நிமிர்ந்துவிடுகிறது. துப்பாக்கி போன்ற கருவியால் லேபிளின் தையலில் விலைச்சீட்டைக் கோத்துவிடுகிறார்கள். சீட்டில் வாரக் குறியீடு இருக்கும். இரண்டு மூன்று வாரம் தொங்கியும் விலைபோகாததை இறக்கி, வேறு கிளைக்கு அனுப்புவார்கள் அல்லது கந்தல் மூட்டையில் போடுவார்கள். தீப்பாதுகாப்பு லேபிள் இல்லாத சோபாவை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், 1988ஆம் ஆண்டு விதிகளின்படி விற்க முடியாது.

சில பைகளைத் திறந்ததுமே தெரிந்துவிடும். ஒரே அளவில் பன்னிரண்டு சட்டை, ஒரே ஆளின் கால் பதிந்த நான்கு ஜோடி ஷூ, டை, தொப்பி, மூக்குக்கண்ணாடி. இறந்துபோன ஒருவரின் அலமாரி முழுவதையும் மகனோ மகளோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பிரிட்டிஷ் சாரிட்டி கடைகளுக்கு இது பெரிய வரத்து. நிக்கி கிரெக்ஸனும் லூயிஸ் க்ரூவும் 2003இல் வெளியிட்ட ‘செகண்ட்-ஹாண்ட் கல்ச்சர்ஸ்’ ஆய்வு, வாங்குபவர்கள் முந்தைய உடம்பின் தடயத்தோடு எப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்பதை அக்கறையாக ஆராய்ந்திருக்கிறது. உள்ளாடையை வாங்க மாட்டார்கள், கோட்டை வாங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் துவைத்துவிட்டுத்தான் போடுவார்கள். இறந்தவர் உடுப்பைப் பற்றி நமக்கிருக்கும் தயக்கம் அவர்களுக்கும் உண்டு. அந்தத் தடயத்தைத் துடைப்பதற்குத்தான் நீராவியும் ஹாங்கரும் சீட்டும். இந்த வேலையில் பெரும்பகுதியைச் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் செய்கிறார்கள்: ஓய்வு பெற்றவர்கள், வேலை தேடும் இளைஞர்கள், ஆங்கிலம் பேசிப் பழகவேண்டிய புதுக் குடியேறிகள், தனிமையில் இருப்பவர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை அவர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

அரசும் தாங்குகிறது. நன்கொடையாக வந்த பொருளை விற்றால் மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். கடைக் கட்டடத்துக்கான உள்ளாட்சி வரியில் 80 சதவீதம் கட்டாயத் தள்ளுபடி. மீதி 20 சதவீதத்தையும் உள்ளூர் மன்றம் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் விற்பனை முழுவதுமோ பெரும்பகுதியோ நன்கொடைப் பொருளாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் இதை நெடுங்காலமாகக் குறை சொல்லி வருகிறார்கள். புதுச் சாமான் விற்கும் சிறு கடைக்கு முழு வரி, பக்கத்தில் அறக்கொடை பெயரில் சலுகை என்பது அவர்கள் ஆதங்கம். அதில் ஓரளவு நியாயம் இருப்பதை மறுக்க முடியாது. ‘கிஃப்ட் எய்ட்’ என்ற ஏற்பாடு இன்னும் சூட்சுமமானது. வருமான வரி கட்டுகிறவர் பணமாகக் கொடுத்தால், அவர் கட்டிய வரியிலிருந்து ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸை அரசு தொண்டு நிறுவனத்துக்குத் தருகிறது. பொருளாகக் கொடுத்தால் இது பொருந்தாது. அதனால் கடைகள் ஒரு வழி கண்டுபிடித்தன: கொண்டு வந்தவரே பொருளுக்கு உரிமையாளராக நீடிப்பார், கடை அவர் சார்பில் விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட். ஒவ்வொரு பொருளிலும் அவருடைய எண் கொண்ட ஸ்டிக்கர். விற்றபின் ‘உங்கள் பொருள் இன்ன தொகைக்குப் போயிற்று, இதை எங்களுக்கே தர விருப்பமா?’ என்று கடிதம் போகும். அவர் சரி என்றால் அது பண நன்கொடை. பத்து பவுண்டு கோட்டுக்கு இப்படி இன்னொரு இரண்டரை பவுண்டு கிடைக்கிறது.

இந்த அமைப்பு நன்றாக நடந்த காலத்தில் பழைய துணிக்கு நல்ல மதிப்பு இருந்தது. புதுத்துணி விலை அதிகம் என்பதுதான் அதற்குக் காரணம். கடந்த முப்பது ஆண்டுகளில் புதுத்துணி மலிந்தது. திருப்பூரிலும் டாக்காவிலும் தைத்து லண்டன் கடையில் தொங்கும் டி-சர்ட்டின் விலை சில சமயம் அடுத்த தெரு சாரிட்டி கடையின் பழைய டி-சர்ட்டைவிடக் குறைவு. நல்ல துணி வைத்திருப்பவர் அதை இப்போது ‘விண்டெட்’ போன்ற செயலியில் தானே விற்றுக்கொள்கிறார். அங்கே விலைபோகாதது கடை வாசலுக்கு வருகிறது. 2009இல் பிபிசி நிகழ்ச்சிக்காகச் சில்லறை வணிக ஆலோசகர் மேரி போர்ட்டாஸ் ஒரு சாரிட்டி கடையைச் சீர்படுத்த முயன்றபோது, தரமற்றதைக் கொட்டுவதை நிறுத்துங்கள் என்று ஜனங்களிடம் வேண்டினார். நயமான விளக்கும் அலமாரியும் வைத்து விலையையும் ஏற்றிய கடைகள் அதன்பின் பெருகின. வறுமைப்பட்டவருக்கு அவை எட்டாமல் போகின்றன என்ற புகாரும் கூடவே பெருகியது. வாடிக்கையாளர் யாராகவும் இருக்கலாம் என்பதுதான் விலைச்சீட்டின் பெருமை. அந்த விலை ஏழையின் கைக்கு மேலே போனால் அந்தப் பெருமையில் பாதி கழிந்துவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

கடையில் விலைபோகாதது எங்கே போகிறது? கிலோ கணக்கில் கந்தல் வியாபாரிக்கு. ஆக்ஸ்ஃபாம் 1974இல் யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டில் ‘வேஸ்ட்சேவர்’ என்ற சொந்தத் தரம்பிரிப்பு நிலையத்தைத் தொடங்கியது; இப்போது அது பக்கத்து ஊரான பேட்லியில் இயங்குகிறது. இடம் பொருத்தமானது. பேட்லியில்தான் 1813 வாக்கில் பெஞ்சமின் லா கம்பளிக் கந்தலைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் முறையைக் கொண்டுவந்தார். ‘ஷாடி’ எனப்படும் அந்தத் துணியால் பேட்லியும் டியூஸ்பரியும் ஒரு நூற்றாண்டு செழித்தன. பிறகு அந்தத் தொழில் ஹரியானாவின் பானிபட்டுக்கு இடம்பெயர்ந்தது.

பானிபட்டுக்கு வரும் மேல்நாட்டுக் கம்பளி உடுப்புகள் பெரும்பாலும் குறுக்கே வெட்டுப்பட்டு வருகின்றன. உடுத்தும் துணியாக இறக்குமதி செய்ய இந்தியாவில் உரிமம் வேண்டும், கந்தலுக்குத் தேவையில்லை. ஆகவே இனி யாரும் போட முடியாதபடி வெட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். வரிசையாகத் தரையில் அமர்ந்த பெண்கள், அரிவாள்மனை போல நிமிர்ந்து நிற்கும் கத்தியில் ஸ்வெட்டரைக் கிழித்துப் பொத்தானையும் ஜிப்பையும் லேபிளையும் நீக்குகிறார்கள். சிவப்பு தனி, நீலம் தனி, பழுப்பு தனி என நிறவாரியாகக் குவிப்பதால் மறுபடி சாயம் போடவேண்டியதில்லை. பிறகு எந்திரம் அதைப் பிய்த்து நாராக்கும். நூற்று நெய்தால் போர்வை. பேரிடர்க் காலங்களில் நிவாரண அமைப்புகள் மொத்தமாக வாங்கி விநியோகித்த போர்வைகளில் பெரும்பங்கு பானிபட்டில் நெய்தவை. ஆக்ஸ்ஃபோர்டில் யாரோ கழற்றிய கோட்டு, உருமாறிப் பூகம்பம் நடந்த ஊரில் ஒருவரின் தோளில் விழ வாய்ப்பு உண்டு. இடையில் வேலை செய்யும் பெண்களுக்குக் கிடைப்பதோ சொற்பக் கூலியும் மூச்சில் ஏறும் தூசியும். லூசி நோரிஸ் 2010இல் இந்தியாவின் பழந்துணி மறுசுழற்சி பற்றி எழுதிய நூலும், மேக்னா குப்தாவின் ‘அன்ராவல்’ என்ற 2012ஆம் ஆண்டு ஆவணப்படமும் இந்த உலகை அருகிலிருந்து காட்டியவை. பாலியஸ்டர் ஃப்ளீஸ் போர்வை மலிவாக வந்தபின் கம்பளிக் கந்தலின் சந்தை இங்கும் சுருங்கி வருகிறது.

இன்னும் உடுத்தக்கூடியது ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. கானாவின் தலைநகர் அக்ராவிலுள்ள காந்தமாண்டோ சந்தை அது வந்து இறங்கும் பெரிய இடங்களில் ஒன்று. வியாபாரி கடன் வாங்கி, கட்டிய பொதியைப் பிரித்துப் பார்க்காமலே விலைக்கு எடுக்கிறார். உள்ளே நல்லது இருந்தால் லாபம். கறை படிந்ததும் நைந்ததுமாக இருந்தால் கடன்தான் மிச்சம். பொதியைத் தலையில் சுமந்து சந்துகளுக்குள் கொண்டுசெல்வது வடக்கிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள். ஒரு பொதி ஐம்பது கிலோவுக்கு மேல். தையல்காரரும் சாயக்காரரும் இஸ்திரிக்காரரும் சேர்ந்து அந்தத் துணிக்கு மறுவாழ்வு தருகிறார்கள். அவர்களாலும் முடியாதது சாக்கடையிலும் கடற்கரையிலும் சேர்கிறது. 2025 ஜனவரியின் தொடக்கத்தில் பெருந்தீ இந்தச் சந்தையின் பெரும்பகுதியை எரித்தது. மூலப்பொருளாக மேல்நாட்டவர் விட்டதை வைத்து ஒரு நகரமே தன் தொழிலைக் கட்டியிருந்தது என்பது அன்று பலருக்குத் தெரியவந்தது.

இறக்குமதியை நிறுத்திப் பார்க்கலாம் என்று கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016இல் முடிவு செய்தன. உள்ளூர் ஆலைகள் எழவேண்டும், 2019க்குள் பழைய துணி வரக் கூடாது என்பது திட்டம். பழந்துணி ஏற்றுமதி வணிகர்கள் முறையிட, அமெரிக்கா தன் வர்த்தகச் சலுகையை மறுபரிசீலனை செய்யப் போவதாகச் சொன்னது. கென்யா, தான்சானியா, உகாண்டா பின்வாங்கின. ருவாண்டா மட்டும் பழைய துணி மேல் உயர்த்திய இறக்குமதி வரியை விடவில்லை. 2018இல் அதன் ஆயத்த ஆடைகளுக்கு இருந்த வரியில்லா அனுமதியை அமெரிக்கா நிறுத்திவைத்தது. ‘கொடை’ என்ற பெயரில் தொடங்கிய சரக்கு இந்தக் கட்டத்துக்கு வரும்போது கொடுத்தவருடைய எண்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்ட் கடையில் வாங்குபவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையோடு நின்றார். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சொல்லாமல் சொன்னதும் அதையே. ஒரு நாடு அதைச் சொன்னபோது அதற்குத் தண்டனை கிடைத்தது.

தவறு சாரிட்டி கடைகளுடையது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் மிஞ்சும் உபரியைக் கையாள அவர்கள் எழுப்பிய அமைப்பு, ஆலைகள் கொட்டும் உபரியின் எடையைத் தாங்க உருவானதல்ல. 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பழைய துணியைக் குப்பையிலிருந்து தனியாகத் திரட்டவேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. பிரான்ஸ் 2007 முதலே துணி தயாரிப்பவர்களிடம் அதன் பின்விளைவுக்கான கட்டணத்தை வாங்குகிறது. பிரிட்டனில் அந்தச் செலவை இன்னும் பின்னறைத் தன்னார்வலரின் உழைப்பும் அக்ரா வியாபாரியின் கடனும் ஈடு செய்கின்றன. தயாரித்தவரிடம் அதைக் கேட்டு வாங்கும் சட்டத்துக்காகத் தொண்டு நிறுவனங்களே முன்னின்று குரல் கொடுக்கவேண்டும். அப்படி வசூலாகும் தொகையில் ஒரு பங்கு பொதியைப் பிரிக்கும் ஊர்களுக்கும் போகவேண்டும்.